பிராது கட்டிய தேவாங்கு

என் அருமைத் தேவாங்குக்கு,

இன்று காலை விருத்தாசலம் ஜங்ஷனில் சென்னை வண்டி நகரத் தொடங்கியபோது நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன். நீ படியில் நின்றுகொண்டு, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி, "யம்மா, கும்புடுறியா, பயப்படுறியா?" என்று கத்தினாய். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். டீ விற்றுக்கொண்டிருந்தவர் ஒன்றும் புரியாமல் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி போய்விட்டது. உனக்குப் பதில் சொல்லாமல் விட்டு எனக்குப் பழக்கமே இல்லை. போனில் சொன்னால் பாதியில் "சிக்னல் இல்லம்மா" என்பாய். அதனால்தான் கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை உன்கூட வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், அலுத்துக்கொள்ளாதே.

முதலில் இந்தப் பெயர். மற்ற வீடுகளில் பிள்ளைகளை ராசா, தங்கம் என்று கொஞ்சினார்கள். நான் உன்னைத் திட்டியதும், கொஞ்சியதும், சோறு தின்னக் கூப்பிட்டதும் தேவாங்கு என்றுதான். உடம்பு ஈர்க்குச்சி, முகத்தில் பாதி கண். இருட்டினால் தெருப் பிள்ளைகள் எல்லாம் சுருண்டு விழும், நீ மட்டும் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாய். "தேவாங்கு மாரி முழிக்காம கண்ண மூடுடா" என்பேன். ஒருநாள் நீ, "தேவாங்குன்னா இன்னாம்மா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. உன் அப்பாவைக் கேட்டேன், "ஒல்லியா இருக்கும்" என்றார், அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீடு, எதிர்வீடு, நம் பொம்மைப் பட்டறையில் வண்ணம் தீட்டும் பெண்கள் என்று எல்லோரையும் கேட்டுவிட்டேன். எல்லார் வாயிலும் அந்த மிருகம் இருந்தது, ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. கண்ணால் பார்க்காத ஒன்றின் பேரைச் சொல்லி ஊரில் உள்ள ஒல்லிப்பிச்சான்களை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தோம்.

அதை நாம் பார்த்தது மாசி மகத்தன்று. மணிமுத்தாற்றில் சாமி தீர்த்தவாரி முடிந்து திரும்பும் கூட்டத்தில், தாயத்து விற்கும் ஒருவன் குச்சியில் ஒரு ஜீவனைக் கட்டி வைத்திருந்தான். உச்சி வெயில். அது இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு குச்சியில் ஒண்டியிருந்தது. "தேவாங்கு, தேவாங்கு, பாத்தா பீடை போவும்" என்று அவன் கூவ, நான் வேடிக்கை பார்த்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, அதன் தலைக்கு மேலே பந்தல் போலப் பிடித்தாய். "யம்மா, அதுக்கு வெயில் கூசுதும்மா." தாயத்துக்காரன் உன்னை விரட்ட, நான் அவனோடு சண்டைக்குப் போக, கூட்டம் கூடிவிட்டது. என் வாய் உனக்குத் தெரியும், அன்றைக்கு அவன் அந்த இடத்தை விட்டே நகர்ந்துவிட்டான். ஆனால் குச்சியோடு அதையும் தூக்கிக்கொண்டு போனான். வீடு வரும்வரை நீ அவன் போன பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாய். அதற்குப் பிறகு நான் தேவாங்கு என்று கூப்பிட்டால் நீ முகம் சுளித்ததே இல்லை, "இன்னாம்மா" என்று உடனே வந்து நிற்பாய்.

பிறகு நீ படித்தாய். நம் ஊர்த் தேவாங்கோடு நிற்காமல், வடகிழக்குக் காடுகளில் அதன் பங்காளி ஒன்று இருக்கிறது, நம்முடையது ஒல்லி, அது கொழுக் மொழுக்கென்று இருக்கும், ஆற அமர நடக்கும், அதைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது என்று சொல்லி அங்கே போய்ச் சேர்ந்தாய். "புள்ள இன்னா வேலை பாக்குது?" என்று கேட்டவர்களிடம் "தேவாங்கு பாக்குது" என்றேன். சிரித்தார்கள். "ராத்திரி பூரா மரத்த அண்ணாந்து பாக்கறதுக்குச் சம்பளமாக்கா?" என்றாள் நம் பட்டறை செல்வி. நானும்தான் சிரித்தேன். ஆனால் நீ லீவில் வரும்போதெல்லாம் சொல்லும் கதைகளை ஒன்றுவிடாமல் கேட்டு வைத்துக்கொண்டேன். வெள்ளை விளக்கு அதன் கண்ணைக் கெடுக்கும் என்று சிவப்பு விளக்கோடு நீ நடப்பது, மரப்பட்டையைக் கடித்துப் பிசினை அது நக்குவது, இரண்டு மரங்களுக்கு நடுவில் கிளை இல்லையென்றால் தாவத் தெரியாமல் அது திகைத்து நிற்பது, அந்த இடத்தில் நீங்கள் கயிறு கட்டிப் பாலம் போட்டது, முதல் தேவாங்கு அந்தக் கயிற்றில் கை வைத்தபோது நீ வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஊர் சிரித்தாலும் என் மனசுக்குள் நீ கலெக்டராகத்தான் இருந்தாய்.

அந்தப் பெருமைதான் என்னைக் குப்புறத் தள்ளியது. செல்வி தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். எந்த ஊரோ, யார் வீடோ, கட்டிலில் ஒரு குண்டுத் தேவாங்கு. ஒரு கை அதன் வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டுகிறது. அது இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, பெரிய கண்ணால் பார்க்கிறது. "அக்கா, சாமி கும்புடுது பாருக்கா!" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. தலைக்கு மேலே கை தூக்கினால் நமக்கு வேறு என்ன அர்த்தம்? கோயில் கோபுரத்தைப் பார்த்தால் தூக்குகிறோம், தேர் நகர்ந்தால் தூக்குகிறோம். பேரிலேயே தேவன் இருக்கிறான், அது கும்பிடாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே களிமண்ணில் உருப் பிடித்தேன். உடம்புக்கு ஓர் அச்சு, கைகளுக்குத் தனி அச்சு. மண்குழம்பை ஊற்றி எடுத்து, கைகளைத் தலைக்கு மேலே ஒட்டி, சூளையில் சுட்டு, நெற்றியில் மூன்று கோடு விபூதியும் வைத்தேன். கும்பிடு தேவாங்கு என்று பேர் வைத்தோம். கொலுவுக்கு வாங்க வந்தவர்கள் செட்டியார் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டு போனார்கள். உனக்குச் சொல்லவில்லை. நீ வரும்போது வியந்து போவாய் என்று அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தேன்.

போன லீவில் நீ வந்தாய், பார்த்தாய். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "யம்மா, இன்னா பண்ணி வச்சிருக்க? இது கும்புடலம்மா. பயந்துபோய் நிக்குது." முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு சுரப்பி இருக்கிறது, ஆபத்து வந்தால் கையைத் தலைக்கு மேலே தூக்கி அதை நக்கி, எச்சிலோடு சேர்த்து விஷமாக்கிக் கடிக்கும், கை தூக்கினால் என்னை விடு என்று அர்த்தம், அந்த வீடியோவில் இருப்பது கடிக்காமலிருக்கப் பல்லை நறுக்கிய தேவாங்காகக்கூட இருக்கலாம் என்று ஒரே மூச்சில் கொட்டினாய். நான் உன்னை வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று நினைத்திருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நாலு எழுத்து படிச்சிட்டு வந்து எங்கையில பண்ணதுல குத்தம் கண்டுபுடிக்கிறியா? வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் முட்டாளா?" என்றேன். "எல்லாத்தையும் ஒடச்சிடும்மா" என்றாய். "ஒடைப்பன், உம்மண்டையில" என்றேன். அப்போதுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். "அதுக்கு எழுதத் தெரிஞ்சா கொளஞ்சியப்பர் கோயில்ல உம்மேலதாம்மா பிராது கட்டியிருக்கும்."

உன் கூட்டாளிகளுக்காக இங்கே ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் யாருக்காவது அநியாயம் நடந்து, கேட்க நாதியில்லை என்றால், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவோம். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது மாதிரியே குறையை ஒரு சீட்டில் எழுதி, முருகனிடம் பிராது கட்டிவிட்டு வருவோம். நியாயம் கிடைத்ததும் போய் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் ஒருவன் மேல் பிராது கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அதைத்தான் என் பிள்ளை என் பட்டறையில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னான். நான் உன்னோடு பேசவில்லை. நீயும் பேசவில்லை. உன் அப்பா நடுவில் உட்கார்ந்துகொண்டு, தொண்டையைச் செருமிச் செருமி இரண்டு பேருக்கும் குழம்பு ஊற்றினார்.

மறுநாள் மங்கலம்பேட்டை கனி பாய் வந்தார். அவர் கடைக்குத்தான் நம் பொம்மைகள் அதிகம் போகும். உன்னைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். "வாங்க தம்பி, நல்லா இருக்கீங்களா? ஒரு ஒத்தாசை பண்ணணுமே. ஒங்கம்மா பண்ண பொம்மைய எம்பொண்ணு கைய வுட்டு எறக்க மாட்டேங்குது. உசுரோட ஒண்ணு வேணும்னு ஒரே அடம். நீங்க அங்கதான இருக்கீங்க, குட்டியா ஒண்ணு கெடைக்குமா? வூட்ல நல்லா வச்சிக்குவோம்" என்றார். அவர் குரலில் துளி கெடுதல் இல்லை. பெற்ற பிள்ளை கேட்டதை வாங்கித் தர ஆசைப்படும் தகப்பன். நீ என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாய். நீ சொன்ன எந்த விஞ்ஞானமும் என் மண்டையில் ஏறவில்லை, அந்த மனுஷன் கேட்ட கேள்வி ஏறிவிட்டது. என் பொம்மை போன வீட்டில் எல்லாம் இப்படி ஒரு பிள்ளை அடம் பிடிக்குமே, அத்தனை பேருக்கும் எவனாவது ஒருவன் மரம் ஏறிப் பிடித்துத் தருவானே என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மாசி மகக் கூட்டத்தில் அந்தத் தாயத்துக்காரனோடு மல்லுக்கு நின்றவள் நான். அவன் ஒரு குச்சியில் கட்டி வைத்திருந்ததை நான் அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தேன்.

ஆனாலும் நான் உடைக்கவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான். சுடாத பச்சைப் பொம்மையைத் தண்ணீரில் போட்டால் மறுபடி மண்ணாகிவிடும். சுட்டது ஆகாது. சுட்டதை வைத்துத்தான் பிழைப்பைப் பார்க்க வேண்டும், அதுதான் எங்கள் தொழில். பாயை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, ஒரு பொம்மையை எடுத்து விபூதியைத் துடைத்தேன். செல்வியின் பிள்ளை நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். "அய்யா, அம்மா, நான் கும்பிடவில்லை. பயந்துபோய்க் கையைத் தூக்கியிருக்கிறேன். எனக்கு வெளிச்சம் ஆகாது, வீடு ஆகாது. என்னைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். பொம்மையோடு நிறுத்திக்கொண்டு என்னைக் காட்டிலேயே விட்டுவிடுங்கள். இப்படிக்கு, தேவாங்கு." சீட்டைச் சுருட்டி, மஞ்சள் நூலால் அதன் தூக்கிய கையில் கட்டினேன். "இந்தாங்க பாய், ஒங்க பொண்ணுகிட்ட குடுங்க. உம்மேல பிராது வந்திருக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். பாய் சீட்டைப் பிரித்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "அடப் பாவமே" என்றார். நீ பின்னால் வந்து நின்று என் தோளில் தலையைச் சாய்த்தாய். பேசாமலிருந்த வைராக்கியம் எல்லாம் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஜெயம்தான். பாயின் மகள் அந்தச் சீட்டை ஸ்கூலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவள் வகுப்பில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிராது தேவாங்கு வேண்டுமாம். அலமாரியில் இருந்தவை முழுக்கச் சீட்டோடு போயின. பச்சைப் பொம்மைகளின் கையைக் கீழே இறக்கி ஒட்டலாமா என்று கேட்டேன், "வேணாம்மா, தூக்குன கைதான் பேசுது" என்று நீயே சொன்னாய். ஏற்கெனவே சீட்டு இல்லாமல் வாங்கிப் போனவர்களைத் தேடி, செல்வி வேப்பூர், திட்டக்குடி என்று பஸ் ஏறிப் போய்ச் சீட்டு கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பியவர்களிடம் எல்லாம் போன் போட்டு, "ஒங்க கைய எவனாவது முறுக்குனா இப்புடித்தான் லைக் போடுவீங்களா?" என்று சண்டை பிடித்தாளே, அது என் பயிற்சி. இந்த முறை நீ லீவில் வந்து பாய் மகள் படிக்கும் ஸ்கூலில் பேசியபோது நானும் பின்பெஞ்சில் இருந்தேன். நீ படம் போட்டு விளக்கிய வரைக்கும் பிள்ளைகள் கொட்டாவி விட்டன. பொம்மையை எடுத்து மேசையில் வைத்தாய். ஹெட்மாஸ்டர் உள்ளே வந்து, பழக்கத்தில் பொம்மையைப் பார்த்துக் கும்பிட்டார். பிள்ளைகள் அத்தனையும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "சார், அது கும்புடல சார், பயப்படுது சார்!" என்று கத்தின பார், ஓடு பறந்துவிடும் போல இருந்தது. பாவம், அவர் கூப்பிய கையைப் பிரிக்கத் தெரியாமல் அப்படியே நின்றார்.

இதற்கெல்லாம் மேலே, போன மாதம் நீ அங்கிருந்து பேசினாயே, அது. நம் பொம்மை ஒன்றை வைக்கோலில் சுற்றிக் கொண்டுபோய், மலையடிவாரக் கிராமத்தில் அவர்கள் பாஷையில் சீட்டு எழுதிக் கட்டி, கூட்டத்தில் வைத்திருக்கிறாய். ஒரு பெண் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். எழுந்து போய், வீட்டிலிருந்து ஒரு கூடையோடு திரும்பி வந்தாளாம். உள்ளே ஒரு தேவாங்கு. மரம் வெட்டும்போது விழுந்ததைப் பாவம் என்று எடுத்து, பழம் கொடுத்து வைத்திருக்கிறாள். பிள்ளைகள் தொடும்போதெல்லாம் அது கையைத் தூக்கியதாம், ஆடுகிறது என்று நினைத்து அவர்கள் கைதட்டினார்களாம். அவளும் என்னை மாதிரிதான் பார்த்திருக்கிறாள். பல் முழுசாக இருந்ததால் அது பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் பார்த்துச் சொல்லி, நீங்கள் அதைக் காட்டில் விட்ட அன்று, "யம்மா, கைய எறக்கிக் கெளையப் புடிச்சிச்சிம்மா, திரும்பிக்கூடப் பாக்காம போயிடுச்சி" என்று சொன்னாய். நான் பட்டறையில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். விருத்தாசலத்து மண் அங்கே போய் ஒரு உயிரை விடுவித்திருக்கிறது என்று போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னேன். தேவாங்கு பார்க்கிற வேலையா என்று சிரித்தவர்களிடம் இரண்டு முறை சொன்னேன்.

இப்போது உன்னை அந்தக் காடுகளைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் போய்ச் சொல்லும் குழுவுக்குத் தலைவனாக்கியிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் வேலை என்கிறாய். போ. ஆனால் ஒன்றை மறக்காதே. அன்றைக்கு நீ என்னிடம் சொன்னது அத்தனையும் சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. வந்ததும் வராததுமாகக் குற்றத்தை எடுத்து வைத்தால் எவளும் கூடையைக் கொண்டுவந்து கொடுக்க மாட்டாள், ஒளித்துத்தான் வைப்பாள். அந்த ஊரில் அவர்களுக்குச் சாமி எது, பயம் எது, அவர்கள் எப்போது கையைத் தூக்குவார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள். ஆசையாக வளர்ப்பவனையும் பிடித்து விற்பவனையும் ஒரே தராசில் போடாதே. விற்பவனிடம் மட்டும் என் வாயைக் கடன் வாங்கிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, பகலில் தூங்கு. பெண் பார்க்கட்டுமா என்று கேட்டால் தேவாங்கு மாதிரி முழிக்காதே, ஆமாம் இல்லை என்று ஏதாவது சொல்லித் தொலை.

இன்னொன்று, நீ திட்டினாலும் பரவாயில்லை. நேற்று மணவாளநல்லூருக்குப் போய், தேவாங்கு பேரில் நிஜமாகவே ஒரு பிராது கட்டிவிட்டு வந்தேன். சீட்டை வாங்கிப் பார்த்தவர், "யாரும்மா வாதி?" என்று கேட்டார். "எம்புள்ள மாரி ஒண்ணு" என்றேன். எந்தத் தேவாங்கும் மனுஷனைப் பார்த்துக் கை தூக்க வேண்டாத நாள் வந்தால், நீயும் நானும் சேர்ந்து போய் அதை வாபஸ் வாங்குவோம். நான் இல்லையென்றால் நீ மட்டும் போ, கேஸ் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வா.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கொளஞ்சியப்பர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடத்தான் கையைத் தூக்கினேன். வண்டி நகர்ந்ததும் பயமும் வந்தது, அதை மறைக்க முடியாது, பெற்றவள் நான். ஆனால் இரண்டு கையையும் உயரத் தூக்கியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, நீதான் அதைக் கவனிக்கவில்லை. நன்றாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உன்னைப் பிடித்துக்கொள்ள அதில் ஒரு விரல்கூட மடங்கியிருக்கவில்லை. விட்டுவிட்டேன்டா, போ.

உன் அம்மா